ஞாயிற்றுக்கிழமை டின்

அந்தக் காரின் கதவைத் திறந்தால் முதலில் தும்மல்தான் வரும்.

காய்ந்த மிளகாயும் வெங்காயமும் என் வியாபாரம். வாரம் முழுக்கப் பின் சீட்டில் சாம்பிள் மூட்டைகள். சீட் துணிக்குள்ளேயே மிளகாய்த் தூள் இறங்கிவிட்டது. கூடவே பெட்ரோல் வாசனை, வெயிலில் காய்ந்த ரப்பர் வாசனை...

"இதுக்குச் சாவியே வேணாம்ணே. திருட வந்தவன் தும்மியே மாட்டிக்குவான்" என்பான் முத்தையா.

அறுபதுகளின் தொடக்கம் அது. சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியறையில் மூன்று பேர் இருந்தோம். நான், துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்த முத்தையா, அச்சகத்தில் எழுத்துக் கோத்த ஆரோக்கியசாமி. ஆரோக்கியசாமிக்கு மட்டும் ஊரில் மனைவி இருந்தார். எனக்கும் முத்தையாவுக்கும் அதுவும் இல்லை.

நாடு திரும்பவிருந்த வெள்ளைக்கார வாத்தியார் ஒருவரிடம் அந்தப் பழைய காரை வாங்கினேன். எல்லாரும் விலையைத்தான் பேரம் பேசுவார்கள். நான் முதலில் கேட்டது, மாதம் எவ்வளவு தின்னும் என்று.

அலமாரியில் மூன்று பிஸ்கட் டின் வைத்தேன். ஒன்று ரோட் டாக்ஸுக்கும் இன்ஷூரன்ஸுக்கும். அடுத்தது டயர், பேட்டரி, ரிப்பேருக்கு. இரண்டிலும் மாதாமாதம் கடைப் பணம் விழும். வேலைநாள் பெட்ரோலும் கடைக் கணக்குதான்.

மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை டின். ஊர் சுற்றுவதற்குக் கடைக் காசைத் தொட மாட்டேன். ஆளுக்கு ஒரு டாலர், ஒரே ஒரு வெள்ளி, வண்டியில் ஏறும் முன்பே போட்டுவிட வேண்டும். நானும் போடுவேன். பெட்ரோல் போக மிச்சம் தேய்மானத்துக்கு.

பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வரும் ஆரோக்கியசாமி வாரம் தவறாமல் முனகுவான்.

"யோவ் முதலாளி, காலைல கோயில் உண்டியல், மத்தியானம் உன் உண்டியலா? அங்க போட்டா பாவமாவது போகும்."

"இங்க போட்டா சாங்கி வரைக்கும் போகலாம். போடு."

அப்படித்தான் போனோம். வழியில் தெம்பனிஸ் பக்கம் அப்போது கம்பம் எனும் குடிசைக் கிராமமும் கோழிப் பண்ணையும்தான். மழை வந்தால் ஒரு பக்கத்து வைப்பர் மட்டும் வேலை செய்யும். அதுவும் என் பக்கம் இல்லை. முத்தையா பக்கத்து சீட்டிலிருந்து "நேரா... கொஞ்சம் லெஃப்டு... ஆடு, ஆடு..." என்று சொல்லிக்கொண்டே வருவான். சாங்கி கடற்கரையில் காகிதச் சுருளில் கச்சான் கடலை வாங்கித் தின்போம். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம்.

ஆரோக்கியசாமியின் மனைவி கப்பலில் வந்து இறங்கினார். இந்தக் காரில்தான் அழைத்து வந்தோம். ஏறியதும் அந்தப் பெண் தும்மினார். நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் அவர் பயந்தே போய்விட்டார்.

கொஞ்ச நாளில் அவர்கள் ஜாலான் புசாரில் அறை பிடித்துப் போனார்கள். பிறகு முத்தையாவுக்குக் கல்யாணம், அரசாங்க அடுக்குமாடி வீடு, குழந்தை. எல்லாம் நல்ல காரியம்தான்.

"அடுத்த வாரம் கண்டிப்பா வர்றேண்ணே" என்று முத்தையா போகும்போது சொன்னான். பொய்யாகச் சொல்லவில்லை. குடும்பஸ்தனுக்கு ஞாயிறு எங்கே கிடைக்கிறது...

முதல் ஞாயிறு நான் மட்டும் கிளம்பினேன். டின்னில் என் வெள்ளியைப் போட்டேன். போதவில்லை. முத்தையாவின் பங்கையும் போட்டேன். கொஞ்சம் யோசித்து, ஆரோக்கியசாமி பங்கையும் போட்டேன். கணக்கு கணக்காக இருக்க வேண்டும் இல்லையா?

பக்கத்து சீட் காலி. சாங்கி போய்ச் சேர்வதற்கு முன்பே திரும்பிவிட்டேன்.

அப்படியே பல மாதம் ஓடியது. மூன்று பேர் பங்கையும் நானே போட்டு, நானே எடுத்து, நானே பெட்ரோல் ஊற்றிக்கொண்டு...

நான்கு டயரும் ஒன்றாகத் தேய்ந்தன. இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் மாதமும் அதுதான். ஒர்க் ஷாப் சீனர் டயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு "ஜுவால் லா" என்றார், விற்றுவிடு என்று. எனக்கே தெரிந்ததுதான். சரக்கு எடுக்க வாடகை லாரியில் பங்கு சேர்ந்தால் பாதிச் செலவு மிச்சம். வியாபாரத்துக்கு அந்தக் கார் தேவையே இல்லை. இவ்வளவு நாள் அதை நான் வைத்திருந்தது ஞாயிற்றுக்கிழமைக்காக. என்றைக்காவது ஒரு ஞாயிறு அவர்கள் வந்தால் வாசலில் வண்டி நிற்க வேண்டுமே என்று.

விற்றுவிட்டேன். ஒரு துணிக் கடைக்காரர் வாங்கினார். கதவைத் திறந்ததும் தும்மி, விலையில் கொஞ்சம் குறைத்தார்.

அந்த வாரமே ஞாயிறு மத்தியானம் மாடிப்படியில் சத்தம். முத்தையா. இடுப்பில் குழந்தை, பின்னால் மனைவி.

"எங்கண்ணே, வண்டியக் காணோம்?"

"வித்துட்டேன்பா."

"அட... சொல்லியிருக்கலாம்லா. பிள்ளைக்குக் கடல் காட்டலாம்னு கிளப்பிக்கிட்டு வந்தேன்."

அவன் கையில் ஒரு வெள்ளி நோட்டு மடித்தபடி இருந்தது. பேசிக்கொண்டே அதைப் பைக்குள் வைத்துக்கொண்டான். கீழே போய்க் கோப்பி வாங்கி வந்தேன். குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

இப்போது நான் இருப்பது அதே தெம்பனிஸில், பத்தாவது மாடியில். கோழிப் பண்ணை இருந்த இடத்தில் கடைத்தொகுதி. முத்தையாவும் இல்லை, ஆரோக்கியசாமியும் இல்லை. பிற்பாடு நான் கட்டிக்கொண்ட வீட்டுக்காரியும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மகன் கார் வைத்திருக்கிறான். வண்டி வாங்கும் உரிமத்துக்கே தனிக் காசு, ரோட்டில் நுழைந்தால் காசு, நிறுத்தினால் காசு. எல்லாம் அவன் பேங்க்கிலிருந்து தானாகவே போகிறது. டின் வைக்க வேண்டியதில்லை. யாரும் யாரிடமும் பங்கு கேட்பதில்லை.

மாதம் ஒரு ஞாயிறு என்னை வெளியே அழைத்துப் போவான். ஏறியதும் இரண்டு வெள்ளி நோட்டு ஒன்றை முன்னால் வைப்பேன்.

"என்னப்பா இது? என்கிட்ட எதுக்குக் காசு?" என்று சிரித்துக்கொண்டே எடுத்து என் சட்டைப் பையில் திரும்பச் செருகிவிடுவான். நல்ல பிள்ளை.

பங்கு போட்டால்தான் நானும் சேர்ந்து போன மாதிரி இருக்கும் என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது...

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது, பையில் அந்த நோட்டு அப்படியே இருக்கும்.