மாப்பிள்ளை கழற்றிய மெனிபோல்ட்

கார் எஞ்சினைக் கழற்றத் தைரியம் போதும். திரும்பப் பூட்டத்தான் தொழில் தெரிய வேண்டும். சொந்தக் காரைச் சொந்தக் கையால் பிரித்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் குந்தி வானத்தைப் பார்த்திருக்கிற அன்பர்களுக்கு இது புரியும்.

இரவில் தேயிலை ஃபெக்டரி எஞ்சினைப் பார்த்துக்கொள்பவன் நான். படித்து வந்த வேலையல்ல, சத்தம் கேட்டுக் கேட்டு வந்தது. விடிந்து லயத்து வீட்டுக்கு வந்து படுத்தால் மனசு எதையாவது போட்டு அரிக்கும். எழுந்து நோர்வூட் கடைவீதிக்கு இறங்கி, ஊரார் கார்களுக்கு என்ன வருத்தமென்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

உஸ்ஸென்ற சத்தம்

வாடகைக்கு ஹயர் கார் ஓட்டும் மாணிக்கத்துக்கு வெள்ளிக்கிழமை உடப்புசல்லாவையில் பெண் பார்க்கப் போக வேண்டும். காரோ உஸ்ஸென்று மூச்சுவிட்டு, ஏற்றத்தில் நின்றது. காற்றும் பெட்ரோலும் கலந்து எஞ்சினுக்குள் போகிற இரும்புக் குழாய்தான் மெனிபோல்ட். அது எஞ்சினோடு சேருமிடத்தில் காற்றை இழுக்கிறது என்றேன். "சாயந்தரம் வர்றேன், தொடாதே" என்றும் சொன்னேன். வந்து பார்த்தால் மெனிபோல்ட் சாக்கின்மேல் கிடக்கிறது.

"பொண்ணு வீட்ல மாப்புள மெக்கானிக்குன்னு தரகர் சொல்லிப்புட்டாருண்ணே. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிற வேணாமா?"

பெட்டி ஈயம்

எஞ்சினுக்கும் குழாய்க்கும் நடுவில் காற்றுப் புகாமல் அடைக்கிற தகடான கெஸ்கட் கிழிந்துவிட்டது. புதியது ஹட்டனிலிருந்து வர வேண்டும். மாணிக்கத்துக்குப் பொறுமையில்லை. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளைக் கத்தரித்து, கெஸ்கட் மாதிரியே செய்துவிட்டான். அழகென்றால் அப்படியொரு அழகு! பக்கத்திலேயே புகை போகிற குழாயும் அதே கெஸ்கட்டில்தான் உட்காருகிறது, அடுப்பாய்க் கொதிக்கும் என்றேன். கேட்கவில்லை.

பொகவந்தலாவை ஏற்றத்தில் ஈயம் உருகிச் சொட்ட, கார் போட்ட கூச்சலில் கொழுந்துக்காரப் பெண்கள் கூடையோடு ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். தள்ளிக்கொண்டு திரும்பியவனைப் பார்த்துச் சில்லறைக்கடை காசிம் நானா சொன்னார்:

"தம்பி, அந்த ஈயம் தேயிலையத்தான் காக்கும், மாப்புளையக் காக்காது."

காணாமல் போன துண்டு

வியாழக்கிழமை பஸ்ஸில் கெஸ்கட் வந்தது. மறுபடி கழற்றினோம். நட்டு எதுவும் உள்ளே விழாதிருக்க எஞ்சின் ஓட்டைகளைத் துணியால் அடைக்கச் சொன்னேன். நான் தேத்தண்ணி குடித்து வருவதற்குள் மாணிக்கம் எல்லாவற்றையும் பூட்டி முடித்து, மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். ஸ்டார்ட் பண்ணினால் இருமல்தான் வருகிறது. அவன் முகம் செத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவன் அம்மா வந்தார்.

"ஏண்டா, பொண்ணுக்குக் குடுக்க வாங்குன கைத்துண்டுல ஒண்ணக் காணோம். நீ எடுத்தியா?"

உடப்புசல்லாவையில்

ஓட்டைக்குள் மறந்துபோன துண்டை உருவி, மறுபடி பூட்டிய பிறகு கார் குதிரை மாதிரி ஏறியது. வழியில் நின்றால் ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். பெண்ணின் அப்பா தோட்டத்து லொறி ட்ரைவர். பலகாரம் வருமுன்னே, "மாப்புள மெக்கானிக்காமே, நம்ம லொறியும் உஸ்ஸுங்குது. கொஞ்சம் கழட்டிப் பாருங்களேன்" என்று ஸ்பேனரை நீட்டிவிட்டார்.

மாணிக்கம் என்னைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன். அவன் ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்து, "மாமா, நான் மெக்கானிக் இல்லீங்க. கார் ஓட்டத்தான் தெரியும். இதை நான் தொட மாட்டேன்" என்றான்.

தரகர் எழுந்து செருப்பைத் தேடினார். உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது:

"தொட மாட்டேங்கிறவரையே பாருங்கப்பா. நீங்க தொட்டுத்தானே அந்த லொறி இந்தக் கதியாச்சு!"

மெனிபோல்ட்டைக் கழற்றிப் பூட்டி மெக்கானிக் ஆனவனை நான் இதுவரை கண்டதில்லை, மாப்பிள்ளை ஆனவன் ஒருவனைத்தான் கண்டிருக்கிறேன்.