மூடும் மேசை

என் அண்ணியைப் பற்றி யாராவது "பாவம்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமாம் பாவம். அவளோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே பட்டறையில் வேலையும் பார்க்கிறவள் நான். பாவப்பட்டவர்கள் நாங்கள்தான்.

எங்கள் பட்டறையில் செய்வது குளிர்சாதன லாரிகளில் மாட்டுகிற ஒரு சின்னப் பெட்டி. உள்ளே எவ்வளவு குளிர் என்று எண்ணில் காட்டும். பேட்டரி தீர்ந்தால் டிரைவரே மாற்றிக்கொள்ள வேண்டும். நடுரோட்டில் அவர் ஸ்க்ரூ டிரைவருக்கு எங்கே போவார்? அதனால் மூடியின் நாலு மூலையிலும் கை ஸ்க்ரூதான். விரலுக்கு அடக்கமான பித்தளைத் தலை, வழுக்காமல் இருக்கச் சுற்றிலும் சொரசொரவென்று கோடு வெட்டியிருக்கும். விரலாலேயே முடுக்கலாம், விரலாலேயே கழற்றலாம். அப்படி முடுக்கி மூடுகிற மேசை அண்ணியுடையது. அடுத்த மேசையில் நான், பெட்டியைத் துடைத்து அட்டைப்பெட்டிக்குள் போடுகிறவள். தான் மூடிய பெட்டி எதுவும் தளர்ந்து திரும்பி வந்ததில்லை என்று அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

மாடிப்படி ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. தகடு வைத்தார்கள். கட்டுப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, ஆனால் மணிக்கட்டு திரும்பவில்லை. விரல்களிலும் பிடி இல்லை. இதற்கு மேல் தேறாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பேசாமல் வீட்டில் இரு என்றான் அண்ணன். நானும் ஒத்து ஊதினேன். அண்ணி எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த மேசையில வேற யாராவது உக்காந்தா எனக்கு உயிரே போயிடும். வீட்ல வச்சு என்னைப் பார்த்துக்கலாம்னு நினைக்காதீங்க."

முதலாளி நல்ல மனுஷர், அதுதான் தொல்லை. துடைக்கிற வேலைக்கு வந்துவிடு என்று அன்பாகச் சொன்னார். அதாவது என் பக்கத்தில் இன்னொரு துணியோடு. அண்ணி ஒற்றைக் காலில் நின்றாள். இடது கையாலேயே மூடிக் காட்டுகிறேன், ஆட்டும் மேடையில் வைத்துப் பாருங்கள் என்றாள். ஆட்டும் மேடை என்பது லாரி மேடு பள்ளத்தில் போவதுபோலப் பெட்டியை உலுக்கி எடுக்கிற மெஷின். அதில் தளராமல் இருந்தால் மேசை உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் போடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அவள் இடது கையால் மூடிய பெட்டியை வைத்து மேடையை ஓட்டிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு ஸ்க்ரூ கழன்று தெறித்தது. மூடி வாயைப் பிளந்தது. சூப்பர்வைசரை நாங்கள் இரும்புக்கை என்போம். அந்த ஆள் கேலி செய்திருந்தாலாவது திட்டித் தீர்த்திருப்பேன். பொறுமையாகக் காரணம் சொன்னார்.

"இடது கைக்குக் கழட்டுறதுலதான் பலம். முடுக்குறதுக்கு அது ஆகாதும்மா."

வீட்டுக்கு வந்து பாட்டில் மூடியைத் திருகிப் பார்த்தேன். சொன்னது சரிதான். வலது கை முடுக்கும் பக்கம் வலுவாகத் திரும்புகிறது, இடது கை கழற்றும் பக்கம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மூடியை மிதித்தே நசுக்கியிருப்பேன். அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்க்கலாம், அதுதான் கடைசி என்று முதலாளி சொல்லியிருந்தார்.

பட்டறையில் கழித்துப் போட்ட பெட்டி ஒன்றை அண்ணி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சாப்பாட்டு மேசையில் அதுதான் எந்நேரமும். முடுக்குவாள், கழற்றுவாள், மறுபடி முடுக்குவாள். கட்டைவிரல் கொப்புளித்தது, அதற்கு மேல் துணியைச் சுற்றிக்கொண்டாள். அண்ணனால் பார்க்க முடியவில்லை. "போதும், விடு" என்று பெட்டியைப் பிடித்து இழுத்தான். அவளா விடுவாள்? ஸ்க்ரூத் தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவன் இழுத்த இழுப்பில் பெட்டி மேசைமேல் வழுக்கிச் சுழன்றது. அவள் விரல் மட்டும் அசையவில்லை. அண்ணன் கையை எடுத்தான். அவள் ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய வலது கை நன்றாக இருந்த காலத்தில் முடுக்கியதுபோல இறுகியிருந்தது.

அண்ணன் திருதிருவென்று விழித்தான். அண்ணி அடுத்த ஸ்க்ரூவை விரலால் ஆகும் மட்டும் முடுக்கினாள். பிறகு அதை இடது கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, வலது முன்னங்கையால் பெட்டியின் பக்கத்தைத் தள்ளினாள். ஸ்க்ரூ நின்றது, பெட்டி திரும்பியது. தள்ளுவதற்கு மணிக்கட்டு எதற்கு? எனக்குப் புரிந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. அண்ணன், தான்தான் கண்டுபிடித்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் மூடிக் காட்டினாள். மேடை ஆட்டு ஆட்டென்று ஆட்டி நின்றது. நாலு ஸ்க்ரூவும் இருந்த இடத்தில் இருந்தன. நான் கை தட்டப் போனேன். அதற்குள் இரும்புக்கை பெட்டியைக் கழற்ற எடுத்தார். விரலால் திருகினார். அசையவில்லை. துணியைப் போட்டுத் திருகினார். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"இப்படி முடுக்கினா டிரைவர் எப்படிக் கழட்டுவாரு?" என்றார்.

தளர்ந்தாலும் தப்பு, இறுகினாலும் தப்பு. முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு அண்ணியைப் பார்த்தார். அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். இடது கையாலேயே நாலையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"பத்தலைன்னு சொன்னீங்க, முடுக்கினேன். இப்ப ஜாஸ்தின்னு சொல்றீங்க. எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, அவ்வளவு முடுக்குறேன்."

இரும்புக்கை ஒரு பெட்டியைத் தானே மூடி, கழற்றிப் பார்க்கச் சொல்லி அவளிடம் நீட்டினார். அவள் நாலையும் கழற்றி, அந்த இறுக்கத்தை விரலில் வாங்கிக்கொண்டு, மறுபடி மூடினாள். முன்னங்கையால் கொஞ்சமாகத்தான் தள்ளினாள். மேடை மறுபடி ஓடியது. நின்ற பிறகு இரும்புக்கை ஸ்க்ரூவை இரண்டு விரலால் திருகினார், மூடி திறந்தது. முதலாளி என்ன சொல்கிறார் என்று அவர் பார்க்கவில்லை. மூடாத பெட்டிகள் இருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணியின் மேசையில் வைத்தார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி முதல் பெட்டியை மூடி என் பக்கம் தள்ளிவிட்டாள்.