ரதியின் கழுத்துக் கயிறு

மாசி மாதம் எங்கள் ஊரில் காமன் பண்டிகை. வேப்பந்தட்டைக்கு மேற்கே மலையை ஒட்டிய ஊர். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிவபெருமான் தவத்தில் இருக்கிறார். அவர் கண் திறந்து பார்வதியைப் பார்த்தால்தான் தேவர்களுக்குக் காரியம் ஆகும். மன்மதனை அனுப்புகிறார்கள். அவன் பூ அம்பை விட்டு, நெற்றிக்கண்ணில் எரிந்து சாம்பலாகிறான். அவன் மனைவி ரதி மண்ணில் புரண்டு அழுது வரம் கேட்கிறாள். உயிர் திரும்புகிறது, ஆனால் அவள் கண்ணுக்கு மட்டும்தான் அவன் தெரிவான்.

அனுப்பிய தேவர்களில் ஒருத்தன்கூட அவள் பக்கத்தில் வந்து நின்றதாகக் கேள்விப்பட்டதில்லை. பார்வதியின் தவத்தை எல்லோரும் பாடுகிறார்கள். தவம் செய்ததற்கு அவளுக்குப் புருஷன் கிடைத்தான். அந்தக் கல்யாணத்துக்காக ரதி தன் புருஷனைப் பறிகொடுத்தாள். அந்தத் தேவர்களை எனக்குப் பிடிக்காது.

நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. பருத்திக்கு விலை பேசக்கூட என் மனைவிதான் போவாள். ஆனால் மீசையை மழித்துச் சேலை கட்டி ரதியாக நின்றுவிட்டால் ஒப்பாரி தானாக வரும். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஊருக்கு ரதி நான்தான்.

சில வருடங்களுக்கு முன் பண்டிகை பார்க்க மாமியாரும் மச்சானும் உடையார்பாளையத்துப் பக்கமிருந்து வந்திருந்தார்கள். மச்சான் லாவணி பாடுகிறவர். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று ஒரு கட்சியும் எதிரெதிரே உட்கார்ந்து பாடுவதுதான் லாவணி. அவர் எரிந்த கட்சி. பாட்டில் மட்டுமல்ல, நான் எதை விதைத்தாலும் "அது போச்சு மாப்ள" என்பதுதான் அவர் முதல் வார்த்தை.

ரதியின் கழுத்தில் மஞ்சள் கயிறு ஒன்று கட்டுவார்கள். காமன் எரிந்ததும் அதை அறுத்து நெருப்பில் போட வேண்டும். அந்த வருடம் கயிறு வாங்க மறந்துவிட்டார்கள். வேஷம் கட்டிய பிறகுதான் தெரிந்தது. சேலையோடு கடைக்குப் போக எனக்குக் கூச்சம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். அவளும் அவசரத்தில் சாமி மாடத்திலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். கட்டிக்கொண்டு போனேன். பொழுது சாயும் நேரம் காமனுக்குப் போட்ட வைக்கோல் கொட்டகை எரிந்தது. அழுதேன், அறுத்தேன், போட்டேன்.

மறுநாள் காலையில் மாமியார் மகளைக் கூப்பிட்டு, "குளிச்சிட்டு வாடி, கயித்த மாத்திருவோம். மாசிக் கயிறு பாசி படியும்பாங்க, தாலி நெலைக்கும்" என்றார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நான் அறுத்துப் போட்டது, மகள் தாலியில் கோக்க அவர் மாரியம்மன் காலடியில் வைத்துக் கொண்டுவந்த கயிறு.

"எம் பொண்ணு கயித்த அறுத்து நெருப்புல போட்டுட்டானே" என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார். தெரு கூடியது.

"நான்தாம்மா எடுத்துக் குடுத்தேன். எங்கழுத்துல இருக்கறது அப்படியேதான் கெடக்கு" என்றாள் மனைவி.

"அறுத்தது ஆரு? புருசனே கட்டி புருசனே அறுத்திருக்கான். இதுக்கு மேல என்னாடி வேணும்?"

மச்சான் சிரித்தார். "மாப்ள, எரிஞ்சவன் எழுந்திரிக்க மாட்டான்னு நான் பாடுனப்ப ஒங்க ஆளுங்க சண்டைக்கு வந்தாங்க. இப்ப ஒங்க உசுருக்கு ஆரு பொறுப்பு?"

இதற்குப் பரிகாரமாக நான் மொட்டை போட்டு, வெறுங்காலோடு சமயபுரம் நடந்து, இனி ரதி வேஷம் கட்டமாட்டேன் என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டுமாம். அதுவரை மகள் அவர்கள் வீட்டில் இருப்பாளாம். மாமியார் உள்ளே போய் மகளின் சேலைகளைப் பையில் திணித்தார். நான் கதவோரம் நின்றேன். மழித்த உதட்டில் தெருவின் கண்ணெல்லாம் இருந்தது.

மனைவி என்னைப் பார்த்தாள். "ஏங்க, நேத்து ஊரே அழுவுற மாரி பேசுனீங்கல்ல. இப்ப ஒரு வார்த்த பேசுங்களேன்."

போகாதே என்று சொல்லியிருக்கலாம். ரதிக்கு அது எத்தனை விதமாகவோ வரும். எனக்கு வந்தது வேறு.

"அத்த, பெரம்பலூர் பஸ் வர்ற நேரம். அத உட்டா சாயந்தரந்தான். கெளம்புங்க" என்றேன். பையிலிருந்து மனைவியின் சேலைகளை எடுத்துப் பாயில் வைத்துவிட்டு, வெறும் பையை மச்சான் கையில் கொடுத்தேன்.

மாமியார் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். தெரு கலைந்தது. மனைவி சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்தபடி, என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"இருன்னு சொல்லத்தான் கேட்டேன். எங்கம்மாவப் போன்னு சொல்ல மட்டும் ஒங்களுக்கு வாய் வந்துச்சு."

அவள் போகவில்லை. என்னோடு பேசவும் பல நாள் ஆயிற்று. அவள் பிறந்த வீட்டிலிருந்து இன்றுவரை யாரும் வருவதில்லை. அதில் அவளுக்கு வருத்தம். எனக்கு இல்லை.