பத்தொன்பது புள்ளி நான்கு

போன ஆண்டு தைப்பூசத்துக்கு முதல் நாள் காலை, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு கோயிலின் சமையற்கூடத்தில் இது நடந்தது. வருடா வருடம் அங்கே தொண்டூழியம் செய்யப் போவேன். எனக்குப் பேச வராது, சண்டை போடத்தான் வரும். வேலை அதிகமான இடத்தில் இரண்டுக்கும் நேரம் இருக்காது.

அன்று எனக்குக் கொடுத்த வேலை பஞ்சாமிர்தம் பிசைவது. அண்டா நிறைய வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, தேன், நெய். கையுறை கொடுத்தார்கள். என் கைக்குச் சின்னது, போட்டதும் கிழிந்தது. கையைக் கழுவிக்கொண்டு வெறுங்கையால் பிசைந்தேன். விரதம் என்பதால் முதல் நாள் இரவிலிருந்து தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. சாமிக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது, அதனால் விரலைக்கூட நக்கவில்லை.

எங்களோடு தொண்டூழியம் செய்ய வருபவர்களில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் உண்டு. அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. சோதிக்கும் கருவியைப் பையிலேயே வைத்திருப்பார். கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் போதும், டிக்கெட் பரிசோதகர் மாதிரி ஆளாளுக்கு விரலை நீட்டச் சொல்வார். அன்று என்னிடம் வந்தார்.

“நீ மட்டும் எப்பவும் தப்பிச்சுப் போற. நீட்டு.”

“எனக்கு ஒண்ணும் இல்ல. வேற ஆளைப் பாருங்க.”

“ஒண்ணும் இல்லன்னா ஏன்டா பயப்படுற? எறும்பு கடிக்கிற மாதிரிதான் லா.”

காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துவிட்டு நீட்டினேன்.

பத்தொன்பது புள்ளி நான்கு.

அவர் கருவியைத் தட்டிப் பார்த்தார். “என்ன சாப்பிட்ட?”

“ஒண்ணும் இல்ல. பச்சத் தண்ணி.”

“வெறும் வயித்துல பத்தொன்பதா? ஆறைத் தாண்டக் கூடாதே!” என்றார் ஒரு பெண். யாரும் சிரிக்கவில்லை. மறுபடி பார்க்கலாம் என்றால் அவரிடம் ஸ்டிரிப் தீர்ந்துவிட்டது. “நாளைக்கே டாக்டரைப் போய்ப் பாரு” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சத்தமாகப் பேசும் ஆள் குரலைத் தாழ்த்தியதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

நான் டாக்டரிடம் போகவில்லை. காரணம் என் அப்பா. அவருக்கும் சர்க்கரை, கால் விரலில் ஒரு சின்னப் புண் வந்தது. விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை. பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும். அவரைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கிக் காரில் உட்கார வைத்தது நான்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் அவருடைய செருப்பு ஒற்றையாகவே கிடந்தது. அந்தச் செருப்பைப் பார்த்த ஆள் சும்மா போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருவான் என்று யாராவது சொன்னால், அவருடைய அப்பாவுக்கு இரண்டு காலும் இருந்திருக்கும்.

எனக்கு வேலை துவாஸில், ஒரு சாஸ் தொழிற்சாலையில். தொட்டிகளின் அளவுமானிகளைப் பார்த்துக்கொள்வது. நாள் முழுக்க ஏணி ஏறி இறங்க வேண்டும். கால் போனால் வேலை போச்சு. டாக்டர் வாயால் சொல்லும்வரை அது எனக்கு இல்லை என்று வைத்துக்கொண்டேன். மனைவியிடமும் சொல்லவில்லை.

ஆனால் சமையற்கூடத்தில் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒருவர் பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொல்லிச் செய்தி அனுப்பினார். ஒருவர் வெண்டைக்காயை ஊறவைத்த தண்ணீர் என்றார். இன்னொருவர் அதெல்லாம் வேண்டாம், வெந்தயம் போதும் என்றார். என்னைப் பார்த்து “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. என் கணையத்தைத்தான் விசாரித்தார்கள். வேலை இடத்து டீக்கடையில் தே தாரிக் ஆற்றுபவர்கூட விடவில்லை.

“என்னண்ணே, புதுசா கோசோங் கேக்குறீங்க? சீனி வேணாமா?”

“தண்ணி கலக்குறதுதான் உன் வேலை. கலக்கு.”

வீட்டிலும் டீயைக் கோசோங்காகவே கேட்டேன், சோற்றைப் பாதியாக்கினேன். இரவில் ஒன்றும் சாப்பிடவில்லை. கால்சட்டை தளர்ந்தது. சர்க்கரை வந்தால் உடம்பு இளைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன், ஆக உறுதி. யாரோ சொன்னார்கள் என்று தண்ணீராகக் குடித்தேன், அடிக்கடி கழிவறைக்கு ஓடினேன். அதுவும் உறுதி. வேலைக்கு எடுத்துப்போகும் டார்ச்சைக் குளியலறைக்குக் கொண்டுபோய், கதவைத் தாழிட்டுக்கொண்டு, கால் விரல்களுக்கு நடுவில் அடித்து அடித்துப் பார்ப்பேன்.

இப்படியே சில வாரம் போனது. ஒரு நாள் தொழிற்சாலையில், புதுக்கோட்டையிலிருந்து புதிதாக வந்த டெக்னீஷியன் ஒருவர் ஓடி வந்தார். மூன்றாவது தொட்டி நிரம்பி வழியப் போகிறது, திரையில் தொண்ணூற்றெட்டு சதவீதம் காட்டுகிறது, லைனை நிறுத்தச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். அந்தத் தொட்டியைக் காலையில்தான் காலி செய்திருந்தோம்.

எனக்கு வழக்கம்போலக் கோபம் ஏறியது. “சென்சாரைத் தொடச்சியா?”

“இல்லண்ணே, ரீடிங் இவ்வளவு காட்டுதேன்னு...”

“முனையில சாஸ் காஞ்சு ஒட்டியிருந்தா அது தொட்டியைக் காட்டாது, ஒட்டியிருக்கிறதைத்தான் காட்டும். எத்தனை தடவை சொல்றது? முதல்ல தொடச்சுப் பாரு, அப்புறம்...”

வாயைத் திறந்தபடி நின்றேன். அவர் பயந்துபோய், “அண்ணே, உக்காருறீங்களா?” என்று கேட்டார். எனக்குக் கோயிலில் தோளில் கிடந்த துண்டு ஞாபகம் வந்தது. அன்று காலையிலிருந்து பஞ்சாமிர்தக் கையை அதில்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். அதே துண்டில் துடைத்த விரலைத்தான் நீட்டினேன்.

வேலை முடிந்ததும் தேக்கா பக்கம் ஒரு மருந்துக் கடையில் சோதிக்கும் கருவி ஒன்று வாங்கினேன். ரயிலில் செங்காங் போய்ச் சேரும்வரை பையை மடியிலிருந்து இறக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்து மேசைமேல் வைத்தேன். மனைவி பார்த்தாள்.

“ஆக இதுக்குத்தான் கோசோங், இதுக்குத்தான் பாத்ரூம்ல டார்ச் லைட்டு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ஒரு ஃபிளாட்டுல கதவுக்கு அடியில வெளிச்சம் தெரியாதா? நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். கேட்டா கத்துவீங்க.”

முழுவதையும் சொன்னேன். அவள் ஒரு வாழைப்பழத்தை உரித்து, நாட்டுச் சர்க்கரையும் தேனும் போட்டு என் முன்னால் வைத்தாள். “பிசைங்க” என்றாள். பிசைந்தேன். துண்டில் துடைத்தேன். குத்தினேன். பதினெட்டுக்கு மேல் காட்டியது. அவளும் அதே மாதிரி பிசைந்து, துடைத்து, குத்திப் பார்த்தாள். பதினேழு.

“போச்சு. எனக்கும் வந்துருச்சு” என்றாள். பிறகு சிரித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்சம் அழுதாள். நான் சோப்புப் போட்டு, நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்திவிட்டுக் குத்தினேன். ஆறு சொச்சம்.

அடுத்த வாரமே பாலிகிளினிக் என்ற பலதுறை மருந்தகத்துக்குப் போனோம். தனியாக விட்டால் பாதி வழியில் திரும்பிவிடுவேன் என்று அவளும் கூட வந்தாள். கையிலிருந்து முறையாக ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் சொன்னது இதுதான்: சர்க்கரை நோய் இல்லை, ஆனால் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், அப்பாவுக்கு இருந்ததால் வருடா வருடம் பார்க்க வேண்டும், நடக்க வேண்டும், ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். பட்டினி கிடந்ததற்காகத் திட்டினார். அந்தத் திட்டு எனக்கு இனித்தது.

கோயிலில் அந்தப் பேருந்து ஓட்டுநரைப் பார்த்துச் சொன்னபோது, “நல்ல வேளை, என் மிஷின் சரியாத்தான் இருந்திருக்கு” என்றார். அவருடைய கவலை அவருக்கு. எனக்கு அவர்மேல் இப்போது கோபம் இல்லை. அவர் விரலை நீட்டச் சொல்லியிருக்காவிட்டால் நான் இன்றுவரை எதையும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டேன், எல்லைக்குப் பக்கத்தில் நிற்பதும் தெரிந்திருக்காது.

யோசித்துப் பார்த்தால், தொழிற்சாலையில் எந்த எண்ணையும் நான் ஒரே பார்வையில் நம்பியதில்லை. அந்த ஒரு எண்ணை மட்டும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டேன். வாசலில் ஒற்றைச் செருப்பைப் பார்த்த நாளிலிருந்து அதற்காகத்தான் காத்திருந்தேன் போல. இப்போதும் மாதம் ஒருமுறை கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டுக் குத்திப் பார்க்கிறேன், ஆறு சொச்சம்தான் வருகிறது, பத்தொன்பதை நொடியில் நம்பிய எனக்கு அந்த ஆறை நம்பத்தான் இன்னும் நேரம் பிடிக்கிறது.