கிரிப் முனையை வெட்டித் தந்த ராமையா அண்ணன்

செலண்டார் டவுனில் மோட்டார் சைக்கிள் கடை வைத்திருந்த ராமையா அண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் போட்டுச் சொன்னாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மலாயாவில் வெள்ளைக்காரன் எமர்ஜென்சி போட்டிருந்த நேரம். நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் நான் பால்வெட்டு. என் வீட்டுக்காரர் எஸ்டேட் ஆஸ்பத்திரி மருந்தை மோட்டார் சைக்கிளில் ஒவ்வொரு டிவிஷனாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

சுற்றிலும் முள்கம்பி வேலி, கேட்டில் சோதனை. அரிசியோ மருந்தோ காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்குப் போய்விடக் கூடாதாம்.

ஹேண்டில் உள்ளே வெறும் குழாய்தானே… அதில் எதையாவது ஒளித்திருக்கிறாரா என்று போகும்போதும் வரும்போதும் ரப்பர் கிரிப்பை உருவிப் பார்ப்பார்கள். உருவி உருவி அது தொளதொள என்று ஆகிவிட்டது.

ஒரு மழை நாள், செம்மண் ரோட்டு இறக்கத்தில் இடது கிரிப் கையோடு வந்துவிட்டது. மனுஷன் ரோட்டோரக் கானில் கிடந்தார், தாடை கிழிந்து.

அந்தக் கிரிப்பைப் பிடித்துக்கொண்டே ராமையா அண்ணன் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

“என்ன மாப்ளே, வண்டியப் புடிச்சு ஓட்டுவேன்னு பாத்தா, உறைய மட்டும் புடிச்சுக்கிட்டு வந்திருக்கே?”

அண்ணன் கேலி பேசினாலும் கை வேலையில்தான் இருக்கும். குழாயின் துருவைத் தேய்த்து, எண்ணெய் போகத் துடைத்து, ரப்பர் பால் தடவிப் புதுக் கிரிப் மாட்டினார். மேலே மெல்லிய செம்புக் கம்பி சுற்றி, முனையை உள்பக்கம் மடக்கிவிட்டார்… கையில் குத்தக் கூடாதாம்.

காயும்வரை வண்டியைத் தொடவிடவில்லை. நன்றாகத்தான் பிடித்தது. அதுவே வினையாகிவிட்டது.

மறுநாள் கேட்டில் எவ்வளவு இழுத்தும் கிரிப் வரவில்லை. மறைக்கத்தான் ஒட்டியிருக்கிறான் என்று அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள்.

போலீஸ் லாரி வந்ததும் ஏற்றப் போகிறார்கள் என்றார்கள். அப்படி ஏற்றிப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாத காலம்.

பால் லாரி டிரைவரிடம் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். வருவார் என்று நினைக்கவில்லை… யார் வருவார்?

அதே லாரியில் வந்து இறங்கினார். ஊரடங்குக்கு முன்னால் திரும்ப முடியாது என்று தெரிந்தே.

யார் ஒட்டியது என்று கேட்டில் நின்ற போலீஸ் சார்ஜன் கேட்டார். நான்தான் என்றார், தயங்கவே இல்லை. ஒரு கத்தி வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு வாங்கினார்.

இரண்டு கிரிப்பின் முனையையும் வட்டமாக வெட்டி எடுத்தார். குழாயின் வாய் தெரிந்தது. நீளக் கம்பி ஒன்றை உள்ளே விட்டு ஆட்டினார். துருதான் கொட்டியது.

காவலில் நம்ம தமிழ் ஆள் ஒருவர் நின்றார். அவரிடம் சொன்னார்.

“தம்பி, சார்ஜன்கிட்ட சொல்லுங்கலா. இனிமே உருவ வேணாம், கம்பிய விட்டுப் பாத்தாப் போதும். மனுஷன் விழாம வீட்டுக்குப் போவட்டும்.”

சார்ஜன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அன்று அண்ணன் எங்கள் லயத்து வீட்டில்தான் தங்கினார். “தங்கச்சி, கிரிப்போட மாப்ளையவும் சேத்து ஒட்டியிருக்கணும்” என்றார். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் முனை வெட்டின கிரிப்தான். கேட்டில் நிற்பவர்களே செலண்டார் கடைக்குப் போகச் சொல்லி அனுப்புவார்கள்.

என் வீட்டுக்காரர் பிள்ளைகள் கல்யாணமெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

அண்ணே… அன்னைக்கு அவர என்கிட்ட திருப்பிக் குடுத்தீங்க. நிம்மதியாப் போங்க.