புஜைராவில் பாட்டு, தைத் ரவுண்டானாவில் போலீஸ்

2008 பிப்ரவரியில் ஐந்து நாள் துபாய் போயிருந்தேன். கட்டடங்களைப் பார்க்க அல்ல. பத்திரிகையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, எந்த ஊருக்குப் போனாலும் பொழுது சாய்ந்ததும் அங்கே எங்கே வாத்தியம் வாசிக்கிறார்கள் என்று தேடிப் போகும் பழக்கம் வந்துவிட்டது. போன இடத்தில் உட்காரவாவது செய்கிறேனா என்றால் இல்லை. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் கால் அரிக்கும். அடுத்த இடத்தில் இதைவிட நன்றாக வாசித்துக்கொண்டிருப்பார்களோ என்று தோன்றும்.

வளைகுடா ஹோட்டல்களில் தமிழ்ப் பாட்டுக் குழுக்கள் இருக்கின்றன, மூன்று மாத விசாவில் வந்து பாடிவிட்டுப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் கிளம்பினேன். அதே எண்ணத்தில் போகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு உதவும். இதில் ஒரு விவரத்தை நான் தெரிந்துகொண்ட விதம் நல்ல விதம் அல்ல. முக்கியமாக அதற்காகவே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மாலை துபாயின் பழைய பகுதியான தேராவில் அறை எடுத்தேன். வாடகை 220 திர்ஹாம். அப்போது ஒரு திர்ஹாம் ஏறத்தாழ பதினோரு ரூபாய். ஏழு மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் மூன்று பார்களில் ஏறி இறங்கினேன். நடுவில் ஒரு திர்ஹாம் கொடுத்து அப்ரா படகில் கடற்கழியைக் கடந்து எதிர்க்கரையில் உள்ள பர்துபாய்க்குப் போனேன், அதே படகில் திரும்பினேன். உள்ளே நுழையக் கட்டணம் இல்லை; பீர் 25 திர்ஹாம். செருப்போடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், ஷூ வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே ஏற்பாடுதான். பாடுகிற பெண் மேடையில் நிற்க, பிடித்த பாட்டு வந்தால் வாடிக்கையாளர் 50 திர்ஹாமுக்கு ஒரு பிளாஸ்டிக் மாலை வாங்கிப் போடச் சொல்கிறார். சர்வர் கொண்டுபோய்ப் போடுகிறார். பாட்டு முடிந்ததும் மாலை கழற்றப்பட்டு, அடுத்தவர் வாங்குவதற்காகக் கவுன்ட்டருக்கே திரும்பிவிடுகிறது. ஒரே மாலை நான்கு முறை மேடைக்குப் போய் வந்ததைப் பார்த்தேன். அதற்கு மேல் உட்காரப் பிடிக்கவில்லை.

மூன்றாவது பாரின் சர்வர் தூத்துக்குடிக்காரர். நான் பாதி பீரில் எழுந்ததைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சிக்கு இங்கன செட்டாவலியோ? புஜைராவுக்குப் போங்க. கப்பல்காரங்க வர்ற பார் ஒண்ணு இருக்கு. அங்க ஒரு சிலோன்காரரு கீபோர்டு வாசிக்காரு. மாலை, கீலை ஒரு எழவும் கிடையாது. பாட்டு மட்டுந்தான்" என்றார்.

வியாழக்கிழமை போவதாக முடிவு செய்தேன். பஸ்ஸில் போனால் திரும்பி வர நேரத்துக்கு வண்டி கிடைக்காது என்றார்கள். ஷார்ஜாவில் உள்ள ஒரு வாடகை நிறுவனத்தில் ஓட்டுநரோடு கார் பேசினேன். போய்வர 250 திர்ஹாம், காத்திருப்பும் சேர்த்து. வந்தவர் பெயர் சேகர், வயது முப்பது இருக்கலாம், மன்னார்குடிப் பக்கம். ஏழாவது டெஸ்ட்டில்தான் லைசென்ஸ் கிடைத்ததாம். அதைப் பட்டம் வாங்கியதைப்போலச் சொன்னார்.

மாலை 4.15க்குத் தேராவிலிருந்து கிளம்பினோம். தைத், மஸாஃபி வழியாகப் போகும் சாலை. தைத் வரை மணல், மஸாஃபியைத் தாண்டினால் மொட்டை மலைகள். மீட்டர்படி 128 கிலோமீட்டர், 6.20க்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் சேகர் டாஷ்போர்டைத் திறந்து, வண்டிப் பதிவு அட்டையோடு மடித்து வைத்திருந்த ஒரு தாளைக் காட்டினார். மனைவியின் விசிட் விசா நகல். சனிக்கிழமை வருகிறார், அறுபது நாளுக்கு. கல்யாணமாகி மூன்று வருடத்தில் இருவரும் சேர்ந்திருந்தது நாற்பது நாள்தான். ஷார்ஜாவில் ரோலா பக்கம் பலகைத் தடுப்பு போட்ட ஒரு அறை பிடித்துவிட்டார்.

"ரூம்ல ஜன்னல் இல்ல சார். அதுகிட்ட இன்னும் சொல்லல. வந்து பாத்துக்கட்டும், திரும்பியா போயிரும்?" என்று சிரித்தார்.

பாருக்குள் வரச் சொன்னேன், மறுத்துவிட்டார். "ஓட்டுறவன் உள்ள காலு வைக்கக் கூடாது சார். எங்க ஷார்ஜாவுல சரக்கே தடை, வாசன அடிச்சாலே உள்ள தூக்கிப் போட்டுருவான்." பிறகு தயங்கி, "ஒரு பாட்டு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா? எங்க கல்யாணத்துல தாலி கட்டி முடிச்சதும் நாயனத்துல வாசிச்சது" என்று முதல் வரியைப் பாடிக் காட்டினார். சுருதி சேரவில்லை, பாட்டு தெரிந்தது.

பார் முதல் மாடியில் இருந்தது. இருபது மேஜை, பீர் 22 திர்ஹாம். உக்ரைன் மாலுமிகள், பிலிப்பைன்ஸ்காரர்கள், எண்ணெய்க் கிடங்கு வேலையிலிருந்து வந்த நம் ஆட்கள். ரஞ்சன் என்ற அந்தக் கீபோர்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது, மெலிந்த மனிதர். ஏழரை வரை ஆங்கிலப் பாட்டு, அதன் பிறகு ஒரு மணி நேரம் தமிழ். பாடுவதும் அவரே. குரல் கொஞ்சம் கரகரப்பு. ஆனால் ஒரு பாட்டை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த மனிதர். அந்த ஒரு மணி நேரம் நான் நாற்காலியை விட்டு எழவில்லை. எனக்கே அது செய்தி.

சேகரின் பாட்டை ரஞ்சனிடம் சொன்னேன். அவர் ஆரம்பித்ததும் சேகரின் மொபைலுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர் பக்கம் நீட்டிப் பிடித்தேன். ஐந்து நிமிடம் கை வலித்தது. முடிந்து காதில் வைத்தால், "இன்னொரு சரணம் இருக்கே சார், விட்டுட்டாரு" என்றார் சேகர்.

கிளம்பும்போது ரஞ்சன் பின்னாலேயே படி இறங்கி வந்தார். கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு விஸ்கி பாட்டில். "அண்ணை, இவ்வளவு தூரம் பாட்டுக் கேக்கவெண்டு வந்திருக்கிறியள். இது கப்பல்காரர் தந்தது. நான் குடிக்கிறேல்லை. கொண்டு போங்கோ." வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு மூன்றாம் முறை வாங்கிக்கொண்டேன். தோள்பையில் சால்வைக்கு அடியில் வைத்தேன். சேகரிடம் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை, சொல்ல வேண்டிய விஷயமாகவே எனக்குப் படவில்லை. புஜைராவில் பார் உண்டு, துபாயில் பார் உண்டு. நடுவில் அறுபது, எழுபது கிலோமீட்டர் யாருடைய எல்லை என்று நான் கேட்கவில்லை. மாலையில் சேகரே ஷார்ஜா சட்டத்தைச் சொல்லியிருந்தார்; ஆனால் தைத் ஷார்ஜாவைச் சேர்ந்தது என்பது எனக்குத் தெரியாது.

8.50க்குக் கிளம்பினோம். 9.55க்குத் தைத் ரவுண்டானாவில் வேகம் குறைத்தபோது பின்னாலிருந்து ஒரு இடி. ஒட்டகத்துக்குத் தீவனப்புல் ஏற்றி வந்த பிக்கப். ஓட்டிவந்த பட்டாணியர் இறங்கி, இரு கையையும் விரித்து, "பாய், பிரேக் நஹி லகா" என்றார்; பிரேக் பிடிக்கவில்லையாம். எங்கள் வண்டியின் பின்பக்கம் ஒரு சாண் அளவுக்கு நசுங்கியிருந்தது. அதற்குள் சேகர் போலீஸுக்குப் போன் செய்துவிட்டார்.

"இவ்வளவு சின்ன அடிக்கா? பேசி முடித்துவிட்டுப் போகலாமே" என்றேன்.

"போலீஸ் சீட்டு இல்லாம இந்த நாட்டுல எந்த கராஜும் வண்டியத் தொட மாட்டான் சார். சீட்டு இல்லாம கொண்டுபோய் வுட்டா கம்பெனி என் சம்பளத்துல புடிப்பான். நமக்கென்ன பயம்? தப்பு அவன் மேல."

அப்போதுதான் குனிந்து என் பையைத் திறந்தேன். உடைந்திருக்குமோ என்று பார்ப்பதற்காக. உடையவில்லை. நிமிர்ந்தபோது சேகர் ஜன்னல் வழியே பாட்டிலின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார். இது ஷார்ஜா."

"தேராவுக்குப் போகும் வழிதானே?"

"வழிதான். வழி ஷார்ஜாவுல போவுது." குரல் ஏறவே இல்லை. "பேப்பர்ல வேல பாத்தேன்னீங்களே. இத ஒருத்தனும் எழுதலயா?"

"பை என்னுடையது. நான் சொல்லிக்கொள்கிறேன்."

"பை உங்களது, வண்டி என் கையில. உங்கள நாலு நாள்ல ஊருக்கு அனுப்பிருவான். என்னைய உள்ள வச்சிட்டுத்தான் அனுப்புவான். சனிக்கெழம அது வந்து ஏர்போர்ட்டுல யாரத் தேடும்?" சாலையைப் பார்த்தார். "நீங்களும் குடிச்சிருக்கீங்க. பைய எடுத்துக்கிட்டு அந்தா தெரியுதே கஃபட்டீரியா, அங்க போங்க. ஒரு சுலைமானி சொல்லிட்டு உக்காருங்க. நான் கூப்புடாம வராதீங்க. யல்லா, போங்க சார்!"

இருநூறு அடி தூரம் இருக்கும். நேராகக் கடைக்குப் போகாமல் பின்பக்கம் இருட்டில் மணலுக்குள் நடந்து, ஒரு மரத்தடியில் பாட்டிலைக் கவிழ்த்தேன். முழு பாட்டில் காலியாக இவ்வளவு நேரமாகும் என்று அதுவரை தெரியாது. சட்டைக் கையில் தெறித்தது. காலி பாட்டிலைக் கையால் மணலைத் தோண்டிப் புதைத்தேன். கடைக்கு வெளியே இருந்த குழாயில் முழங்கை வரை இரண்டு முறை கழுவிக்கொண்டு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பால் சேர்க்காத தேநீர், ஒரு திர்ஹாம். குடிக்கவில்லை.

10.20க்குப் போலீஸ் வண்டி வந்தது. ஒரே அதிகாரி. நசுங்கிய இடத்தில் டார்ச் அடித்தார், பட்டாணியரிடம் பேசினார். பிறகு எங்கள் காரின் உள்ளே அடித்தார். நான் உட்கார்ந்திருந்த இருக்கையில் வெளிச்சம் நின்றது. சேகர் டாஷ்போர்டிலிருந்து எதையோ எடுத்துக் கொடுத்தார். அதிகாரி ஒரு தாளைப் பிரித்து வெகுநேரம் படித்தார். அத்தனை நேரம் படிக்க அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. எழுந்து போக வேண்டும் என்று கால் துடித்தது. போனால் சேகருக்குத்தான் கேடு. என் வாழ்க்கையில் ஒரு நாற்காலியில் அவ்வளவு அசையாமல் உட்கார்ந்ததில்லை.

10.45க்கு என் போன் அடித்தது. "கலாஸ், முடிஞ்சுது. வாங்க சார்."

சேகரின் கையில் பச்சை நிறச் சீட்டு. குற்றம் இல்லாதவருக்குப் பச்சை. என் பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, "பதிவு அட்டையோட விசாவும் சேந்து போயிருச்சு சார். யாருன்னு கேட்டான், பொண்டாட்டின்னேன். 'சனிக்கிழமையா'ன்னு கேட்டுட்டு மடிச்சுக் குடுத்தான். கூட யாருன்னும் கேட்டான். பாசஞ்சர், டீ குடிக்கப் போனாருன்னேன். கூப்புடுன்னு சொல்லல" என்றார். ஏ.சி.யை நிறுத்தி நான்கு ஜன்னலையும் இறக்கிவிட்டிருந்தார். என் சட்டையிலிருந்து இன்னும் வாசனை வந்துகொண்டிருந்தது.

11.40க்கு ஹோட்டல் வாசல். 350 நீட்டினேன். நூறைத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு வேற வண்டி பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போகிறவர்களுக்கு: புஜைரா போவதென்றால் வியாழன் மாலை போங்கள், ஏழரைக்கு உள்ளே இருங்கள். ரம்ஜான் மாதத்தில் போகாதீர்கள், வாத்தியம் இருக்காது. திரும்பும் வழி ஷார்ஜா. யார் அன்பாகக் கொடுத்தாலும் பாட்டிலை வாங்காதீர்கள். குடித்திருந்தால் அந்த ஊரிலேயே அறை எடுத்துத் தங்குங்கள். இருநூறு திர்ஹாமுக்குக் கிடைக்கும். உங்கள் பையில் இருப்பதை வண்டி ஏறும் முன் ஓட்டுநரிடம் சொல்லுங்கள். எந்த ஊரில் எது குற்றம் என்பது உங்களைவிட அவருக்குத் தெரியும். பிடிபட்டால் உங்களைவிட அதிகமாக இழப்பவரும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை விமானம் ஏறும் முன் சேகருக்குப் போன் செய்தேன். பெண் குரல்.

"அவங்க குளிக்கிறாங்க. யாரு பேசுறது?"

வியாழக்கிழமை வண்டியில் வந்தவன் என்றேன்.

"புஜைராவுக்குப் போனவங்களா? சொன்னாங்க சொன்னாங்க. போன்லயே எங்க கல்யாணப் பாட்ட வாசிக்க வச்சீங்களாமே! ராத்திரி பூரா அதே பேச்சுதான்." பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

வேறொன்றும் இல்லை என்று வைத்துவிட்டேன். சேகர் மனைவியிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.