செவ்வந்திக்குக் கட்டிய தண்ணீர்

என் நாத்தனாரை நினைத்தால் அவளுடைய கட்டைவிரல் நகம்தான் முதலில் கண்ணில் வரும். செவ்வந்திக் கன்று நட்டு ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் பக்கத்தில் கிளை அடித்துப் பூ நிறையக் கிடைக்கும். கொல்லையில் இருந்த அத்தனை செடியையும் அவள் ஒருத்தியே கிள்ளினாள். நகத்தில் ஏறிய பச்சைக் கறை சோறு பிசையும்போதும் போகாது. "என்னடி, மருதாணியா?" என்று கேலி செய்வேன். "ஆமா அண்ணி, எனக்கு இனிமே வேற யாரு வச்சுவிடப் போறா?" என்று அவளும் சிரிப்பாள்.

என் வீட்டுக்காரரின் தங்கை அவள். புருஷன் தவறிப்போன பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்களிடம் வந்து சேர்ந்தாள். பிள்ளை இல்லை. நான் அவளைக் குறைவாக நடத்தினேன் என்று எந்த வாயும் சொல்ல முடியாது. ஆனாலும் அடுப்பு என்னுடையது. யாருக்கு எது, எவ்வளவு என்பதெல்லாம் என் கையில். பூ விற்று, கொல்லைக் கோடியில் ஒரு கூரை போட்டுக்கொண்டு, தனியாக உலை வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்குத்தான் செவ்வந்தி. எங்கள் ஊரில் நெல்லும் உளுந்தும் தவிர யாரும் எதுவும் வைத்ததில்லை. மண்ணை அணைத்துப் பார் பிடித்து, அந்த மேட்டில் அவள் கன்று நட்டதை ஊரே நின்று வேடிக்கை பார்த்தது.

ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். "பூத்ததும் மொதப் பூ மாதாவுக்கு, அண்ணி" என்றாள். போக வர ஐந்து நாள். தண்ணீர் விடுவது எப்படி என்று ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டிப் படித்திருக்கலாம். பதினாறு வயதிலிருந்து வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவள், காகிதத்தைப் பார்த்தா கற்றுக்கொள்வேன் என்று திரும்பியும் பார்க்கவில்லை.

வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிய சமயம். மடையை வெட்டிவிட்டேன். நெல்லுக்குத் தேக்குவதைப் போல, பாரில் பாதி உயரத்துக்குத் தேக்கி வைத்தேன். மூன்றாம் நாள் இலையெல்லாம் துவண்டு தொங்கியது. தாகம் என்று நினைத்து இன்னும் விட்டேன். பயிர் வாடினால் எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, மாதா கோயில் எண்ணெயை என் கையில் கொடுத்துவிட்டு நேராகக் கொல்லைக்குப் போனாள். ஒரு செடியைத் தொட்டாள். இழுக்காமலே கையோடு வந்தது. வேர் கறுத்து அழுகியிருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "கன்னு குடுத்தவன் ஒன்ன ஏமாத்திட்டாண்டி. எல்லாம் நோவுக் கன்னு."

கையில் வந்த செடியைப் பாரிலேயே திரும்ப வைத்தாள். "இருக்கும் அண்ணி" என்றாள். உள்ளே வந்து, சுவரில் ஒட்டியிருந்த தாளை அவளே கிழித்து அடுப்பில் போட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கன்று வாங்கவில்லை. கூரைப் பேச்சையும் எடுக்கவில்லை. நான் போட்டதைச் சாப்பிட்டுக்கொண்டு என்னோடேயே கிழவியானாள். இப்போது என் வீட்டுக்காரர் இல்லை. மகன் சிங்கப்பூரில். என் முட்டி இரண்டும் போய்விட்டன. கட்டிலைவிட்டு இறங்கவே ஆள் வேண்டும். சமையல், சாப்பாடு எல்லாம் அவள்தான்.

போன மாதம் ஒரு மத்தியானம், அவள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். மனம் திருந்தி ஒன்றுமில்லை. அலுத்துப்போயிற்று, அவ்வளவுதான்.

"கன்னுல நோவு இல்லடி. நாந்தான் தண்ணியத் தேக்கிப்புட்டேன்."

"அன்னிக்கே தெரியும் அண்ணி. வேலி வரைக்கும் சேறாக் கெடந்துச்சே."

"பின்ன ஏண்டி ஒரு வார்த்த கேக்கல?"

ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "கேட்டுப்புட்டு, சோத்துக்கு எந்த வீட்டுக்குப் போறது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "ஆறிடப் போவுது, சாப்பிடுங்க" என்று தட்டை என் பக்கம் நகர்த்தினாள். ரசத்தில் உப்புக் குறைவாக இருந்தது. கேட்காமல் சாப்பிட்டேன்.